குறுகுறுக்காத யோயோ

முதல் யோயோவை முடித்துக் கொடுத்ததும் என் மகள் ஒரே ஒரு முறைதான் எறிந்தாள். அது கயிற்றின் அடிக்குப் போய் நின்று நன்றாகவே சுழன்றது. ஆனால் அவள் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. "அப்பா, விரல்ல குறுகுறுன்னு இருக்குப்பா" என்றாள். பிறகு, சுழன்றுகொண்டிருந்த விளிம்பில் கட்டைவிரல் நகத்தை லேசாக வைத்தாள். டர்ர்ர் என்று ஒரு சத்தம்.

இப்படி நகம் வைத்துப் பார்ப்பது யோயோ ஆடுகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் சோதனை என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். கண்ணுக்கு நேராகத் தெரியும் யோயோகூட நகத்துக்கு உண்மையைச் சொல்லிவிடும். அந்தச் சத்தத்தின் காரணத்தைத் தேடித்தான் அடுத்த நான்கு யோயோக்களைக் கடைந்தேன்.

என்னிடம் இருப்பது மேசை மேல் வைக்கும் சிறிய லேத், அதாவது உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம். எல்லாம் கையால் சுற்றுவதுதான், கணினி எதுவும் கிடையாது. வெட்டும் டூலைக் குறுக்காக நகர்த்தும் கிராஸ் ஸ்லைடு டயலில் ஒரு கோடு 0.02 மி.மீ. யோயோவுக்கு இது போதும். போதாது என்று சொல்பவர்களிடம் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். லேத் எவ்வளவு துல்லியம் என்பதைவிட எந்த வேலையை முதலில் செய்கிறோம் என்பதுதான் இதில் பெரிய விஷயம்.

யோயோ என்பது இரண்டு பாதிகள். அவற்றைச் சேர்ப்பது நடுவில் போகும் ஒரு அச்சு, அதைச் சுற்றி இருப்பது கயிறு மாட்டும் பேரிங். முதல் யோயோவில் நான் செய்தது இதுதான். 60 மி.மீ. விட்டமுள்ள 6061 ரக அலுமினியத் தண்டை லேத்தின் மூன்று ஜா சக்கில், அதாவது மூன்று தாடைகள் கவ்வும் பிடியில், பிடித்தேன். வெளிப்பக்கத்தை, அதாவது கிண்ணம் போல் குழிந்த பக்கத்தை, முதலில் கடைந்தேன். அழகாக வந்தது. பார்ட்டிங் டூலால் அறுத்து எடுத்து, திருப்பிப் பிடித்து, பேரிங் உட்காரும் முளையையும் அச்சு போகும் துளையையும் கடைந்தேன். பார்க்க எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் மூன்று ஜா சக்கில் ஒரு பொருளைக் கழற்றித் திருப்பிப் பிடித்தால் அது பழைய மையத்துக்கே திரும்பி வராது. கொஞ்சம் தள்ளித்தான் உட்காரும். அந்த யோயோவைப் பிற்பாடு டயல் கேஜ் வைத்து அளந்தபோது, பேரிங் முளையை மையமாகக் கொண்டால் விளிம்பில் முள் 0.1 மி.மீ. ஆடியது. அதாவது மையம் 0.05 மி.மீ. விலகியிருக்கிறது.

0.05 மி.மீ. என்பது ஒரு தலைமுடியின் தடிமன் அளவுதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பாதி சுமார் 33 கிராம். அது நிமிடத்துக்கு 3000 சுற்று சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சிறு விலகல் கொடுக்கும் இழுப்பு, கிட்டத்தட்ட 17 கிராம் எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். அந்த இழுப்பும் நொடிக்கு 50 தரம் முழுச் சுற்று சுற்றித் திசை மாறிக்கொண்டே இருக்கிறது. மொத்த யோயோவே 65 கிராம் சொச்சம்தான். விரல் குறுகுறுக்காமல் என்ன செய்யும்!

சரி, அப்படியானால் வரிசையை மாற்ற வேண்டும். ஒரே பிடியில், சக்கைத் தளர்த்தாமல் கடைந்தவை மட்டுமே ஒன்றுக்கொன்று நேராக இருக்கும். எனவே பேரிங் பக்கம் முழுவதையும் ஒரே பிடியில் முதலில் முடித்துவிட வேண்டும். முகத்தைச் சீவுவது, துளை, மரை, முளை, கயிற்றுப் பக்கத்துச் சுவர், விளிம்பின் வெளி விட்டம் எல்லாம் அதில் அடக்கம். அதன் பிறகு அந்த முளையையே ஆதாரமாக வைத்து மறுபக்கத்தைக் கடைய வேண்டும்.

நான் பயன்படுத்தும் பேரிங், யோயோக்காரர்கள் 'சி' அளவு என்று சொல்வது. உள் விட்டம் 6.35, வெளி விட்டம் 12.7, அகலம் 4.76 மி.மீ. மூன்றும் அங்குலக் கணக்கில் வந்த எண்கள். அச்சு என்பது எம்4, அதாவது 4 மி.மீ. விட்டமுள்ள தலையில்லாத் திருகு. முகத்தைச் சீவி, சென்டர் ட்ரில் போட்டு, 3.3 மி.மீ. ட்ரில்லால் துளைத்து, லேத்தின் மறுமுனையில் இருக்கும் டெயில் ஸ்டாக்கில் மரை வெட்டும் டேப்பை வைத்துச் சக்கைக் கையால் திருப்பி மரை போடுகிறேன். மோட்டார் போட்டு டேப் விடுவதில்லை. துளை அடி மூடியது, டேப் அடியில் முட்டினால் ஒடியும். கையால் சுற்றும்போது முட்டப்போவது மணிக்கட்டுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். மரையின் வாயை ஒரு சுற்று அகலப்படுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் அச்சை இறுக்கும்போது முதல் மரை மேலே பிதுங்கி, இரண்டு பாதிகளும் சேர்வதில் சிக்கல் வரும்.

துளையிடும் வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் முளையைக் கடைசி அளவுக்குக் கொண்டுவருவேன். ட்ரில்லும் டேப்பும் தரும் அழுத்தம் முடிந்துபோன முளைக்குப் போகக் கூடாது.

இந்த முளைதான் யோயோவின் உயிர். இரண்டாவது யோயோவில் அதைக் கெடுத்தேன். என் லேத்தில் டயலை ஒரு கோடு நகர்த்தினால் டூல் 0.02 உள்ளே போகும், விட்டமோ 0.04 குறையும். 6.39ல் நின்றவன் இரண்டு கோடு நகர்த்திவிட்டேன். 6.31 ஆகிவிட்டது, பேரிங் லொடலொடவென்று ஆடியது. அந்தப் பாதி முழுவதும் வீண். இப்போது 6.45 வந்ததும் அதற்கு மேல் கிராஸ் ஸ்லைடை நம்புவதில்லை. அதன் மேல் இருக்கும், கோணத்தில் திருப்பக்கூடிய காம்பவுண்ட் ஸ்லைடைத் தண்டின் திசைக்கு 5.7 டிகிரி சாய்த்து வைத்துக்கொள்கிறேன். அந்தக் கோணத்தில் காம்பவுண்டை 0.1 நகர்த்தினால் டூல் உள்ளே போவது 0.01தான். கடைசியில் மைக்ரோமீட்டரில் 6.34 வரும்போது பேரிங்கை வைத்துப் பார்ப்பேன். தட்டக் கூடாது. விரலால் அழுத்தினால் 'சுக்' என்று போய் உட்கார வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் விழக் கூடாது. அந்த 'சுக்' கேட்கும்போது கிடைக்கும் நிறைவு வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

முளையும், அதன் அடியில் பேரிங் முட்டி நிற்கும் தோளும் சேரும் மூலையையும் கவனிக்க வேண்டும். டூல் முனை எவ்வளவு கூராக இருந்தாலும் மூலையில் ஒரு சிறு வளைவை விட்டுவைக்கும். பேரிங் அதில் ஏறி நின்றால் சாய்ந்து உட்காரும், மறுபடி அதிர்வு. மெல்லிய டூலால் மூலையில் ஒரு நூல் பள்ளம் போட்டுவிட்டால் தீர்ந்தது. முளையின் உயரம் எனக்கு 2.2 மி.மீ. இரண்டு பாதிக்கும் சேர்த்து 4.4. பேரிங்கின் அகலத்தை விட இது குறைவாகவே இருக்க வேண்டும். முளைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டால் பேரிங் இறுகாமல் நடுவில் வழுக்கும். இரண்டு சுவருக்கும் இடையே கயிறு ஓட நான் விடும் இடைவெளி 4.5 மி.மீ. அதற்காகத் தோளை ஒவ்வொரு பக்கமும் 0.13 மி.மீ. தாழ்த்துகிறேன்.

சுவரின் சாய்வுக்கு வளைவான வடிவம் எதுவும் முயலவில்லை. இரண்டு கைப்பிடிகளை ஒரே நேரத்தில் சுற்றி வளைவு எடுப்பவர்கள் உண்டு, அந்தக் கை எனக்கு இன்னும் வரவில்லை. நேர்ச் சரிவுதான். காம்பவுண்டைக் கோணத்தில் வைத்து இறுக்கி, அந்தப் பாதியின் சுவர் முடியும் வரை கோணத்தைத் தொடுவதில்லை. முளைக்கு ஒரு கோணம், சுவருக்கு ஒரு கோணம் என்பதால், இரண்டு பாதிகளின் சுவரையும் முளைக்கு முன்பாகவே முடித்துவிடலாமா என்று ஆரம்பத்தில் யோசித்தேன். அப்படிச் செய்தால் நடுவில் சக்கைத் தளர்த்த வேண்டிவரும். எனவே கோணத்தை ஒவ்வொரு முறையும் ஒரு இரும்புத் துண்டில் வெட்டிய மாதிரித் தகட்டை வைத்துத் திரும்ப அமைக்கிறேன். நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

அலுமினியம் டூல் முனையில் ஒட்டிக்கொள்ளும் குணமுள்ளது. ஒட்டியது தெரியாமல் கடைந்தால் பரப்பு கீறிக் கீறி வரும். மண்ணெண்ணெயைத் தூரிகையால் தொட்டு வைத்தால் போதும், சுருள் வெள்ளி நாடா போல் நீளமாக ஓடி வரும். அந்தச் சுருளைக் கையால் இழுக்கவே கூடாது, கொக்கியால் இழுங்கள். லேத் ஓடும்போது கையுறையும் வேண்டாம்.

இப்போது மறுபக்கம். இதற்கு ஒரு மேன்ட்ரல், அதாவது பாதியை மையத்தில் தாங்கிப் பிடிக்கும் துண்டு, வேண்டும். ஒரு தனி அலுமினியத் துண்டைச் சக்கில் பிடித்து, முகத்தைச் சீவி, நடுவில் முளை சரியாக நுழையும்படி 6.34க்கு ஒரு குழி போர் செய்து, குழியின் அடியில் எம்4 மரை போட்டேன். ஒரு திருகை அதில் ஏற்றி, யோயோவின் பாதியைத் திருகிக் கொடுத்தால் முளை குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மையத்தைப் பிடிப்பது குழிதான். மரை இழுத்துப் பிடிக்க மட்டுமே, அதை நம்பி மையம் வைக்கக் கூடாது. யோயோ முடியும் வரை இந்த மேன்ட்ரலைச் சக்கிலிருந்து கழற்றுவதே இல்லை. கழற்றினால் அடுத்த முறை குழியைப் புதிதாகக் கடைய வேண்டும்.

வலது மரை என்பதால் கடையும் விசையே பாதியை மேலும் இறுக்கும். அதுவும் ஒரு தொல்லைதான். முடிந்த பிறகு கழற்ற வராது, பிடித்துத் திருகினால் முடித்த பரப்பில் தழும்பு விழும். முகத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ரப்பர் துண்டைச் சுற்றிப் பிடித்துத் திருகுகிறேன். ஆழமாக வெட்டும்போது ஒரு மரக்கட்டையை இடையில் வைத்து டெயில் ஸ்டாக்கால் அழுத்திக்கொள்வேன், எம்4 மரை மட்டும் அவ்வளவு விசையைத் தாங்க வேண்டாம் என்று. நடுப்பகுதி வரும்போதுதான் கட்டையை எடுப்பது.

கிண்ணத்தை எவ்வளவு குடைவது? எவ்வளவு முடியுமோ அவ்வளவு. 25 மி.மீ. நீளத்துக்கு அறுத்த துண்டு சுமார் 190 கிராம் இருக்கும். முடிந்த பாதி 31 கிராம். மீதியெல்லாம் சுருளாகத் தட்டில் கிடக்கும். மையத்திலிருந்து 25 மி.மீ. தள்ளியிருக்கும் ஒரு கிராம், 12.5 மி.மீ.யில் இருக்கும் ஒரு கிராமை விட நான்கு மடங்கு சுழற்சியைத் தாங்கிப் பிடிக்கும். ஆகவே நடுவில் இருப்பதைக் குடைந்து எறிந்துவிட்டு, எடையை விளிம்பில் மிச்சம் வைக்கிறோம். அந்த விளிம்புதான் யோயோவை நீண்ட நேரம் தூங்க வைக்கிறது, அதாவது கயிற்றின் அடியில் நின்று சுழல வைக்கிறது.

யோயோ தூங்குவதற்குக் கயிற்றுக்கும் பங்கு உண்டு. பிலிப்பைன்ஸிலிருந்து அமெரிக்கா போன பெட்ரோ ஃபுளோரஸ் 1928ல் கலிஃபோர்னியாவில் தயாரித்த யோயோக்களில் கயிறு அச்சோடு முடிச்சுப் போடப்படவில்லை, வளையமாக மாட்டப்பட்டிருந்தது. அதனால்தான் அடியில் நின்று சுழல முடிந்தது. பேரிங் வந்த பிறகு உராய்வு இன்னும் குறைந்துபோய், நான் செய்யும் மாதிரி யோயோக்கள் சும்மா இழுத்தால் மேலே வருவதே இல்லை. கயிற்றை மடித்து இடைவெளிக்குள் கொடுத்தால்தான் பிடித்து ஏறும். அந்தப் பிடிப்புக்காகத் தோளைச் சுற்றி ஒரு வளையப் பள்ளம் வெட்டிச் சிலிகான் பசையை நிரப்பி, காய்ந்ததும் சுவர் மட்டத்துக்குச் சீவிவிடுகிறேன்.

கடைசியாக எடை. 0.01 கிராம் காட்டும் சிறு தராசில் இரண்டு பாதிகளையும் வைத்துப் பார்ப்பேன். ஐந்தாவது யோயோவில் 31.4, 31.1 என்று வந்தது. கனமான பாதியை மேன்ட்ரலில் ஏற்றிக் கிண்ணத்தின் அடியை, 40 மி.மீ. அகலத்துக்கு, 0.09 மி.மீ. மட்டும் சீவினேன். இரண்டும் 31.1. எமரி பேப்பர் 600, 1000 என்று தேய்த்து முடித்தேன். பூச்சு எதுவும் இல்லாத அலுமினியம் என்பதால் கையிலும் கயிற்றிலும் சாம்பல் கறை பிடிக்கும். அவள் அதைப் பொருட்படுத்துவதில்லை.

கயிற்றின் நீளத்தை அவளே அளந்தாள். யோயோவைத் தரையில் தொங்கவிட்டு, தொப்புள் உயரத்தில் பிடித்து, அங்கே விரல் வளையம் போட்டாள். எறிந்தாள். அது அடியில் போய் நின்றது. சுழல்கிறதா நிற்கிறதா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது, விளிம்பில் விழுந்த விளக்கொளி அசையவே இல்லை. அவள் குனிந்து நகத்தை வைத்தாள். சத்தம் வரவில்லை. நகத்தை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

"அப்பா, இன்னொன்னு பண்ணித் தருவீங்களா? ரெண்டு கைக்கும் வேணும்."

மேன்ட்ரல் இன்னும் சக்கில்தான் இருக்கிறது. ஆனால் புதுத் துண்டைப் பிடிக்க அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும், குழியைப் புதிதாகக் கடைய வேண்டும். இன்று இரவு தண்டை அறுத்து வைக்கிறேன்.