தொழில் வலயத்தில் டீசல் தாங்கி: யாழ்ப்பாணத்தில் அனுமதி எடுத்த ஒழுங்கு

தொழில் வலயத்துக்குள் காணி கிடைத்துவிட்டால் எண்ணெய்த் தாங்கி வைக்கத் தடை இல்லை என்ற நம்பிக்கையில்தான் பலபேர் குத்தகைக் காசைக் கட்டுகிறார்கள். அங்கே தொழிற்சாலை நடத்தலாம் என்பதற்குமேல் வலயம் எதுவும் சொல்வதில்லை. 40,000 லீற்றர் டீசலை அந்தக் காணியின் எந்த மூலையில், மதிலிலிருந்து எவ்வளவு தள்ளி, எதற்குள் வைப்பது என்பது தனிக் கேள்வி. அதற்குப் பதில் சொல்கிற கந்தோர்களும் வேறு.

வலிகாமத்தில் ஒரு தொழிற்சாலைக்கு, சொந்தப் பாவனைக்கென்று, நிலத்துக்கு மேலே 20,000 லீற்றர் தாங்கி இரண்டு. இதற்கு அனுமதி எடுத்த ஒழுங்கைத்தான் எழுதுகிறோம். ஒரு லீற்றராவது வெளியாருக்கு விற்பதாக இருந்தால் 2002ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க பெற்றோலிய உற்பத்திப் பொருட்கள் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். அது வேறு பாதை, இங்கே அதைத் தொடவில்லை.

முதலில் பார்க்க வேண்டியது, காணி நகர அபிவிருத்திப் பிரதேசமாக வர்த்தமானியில் பிரகடனப்படுத்தப்பட்ட எல்லைக்குள் இருக்கிறதா என்பது. இருந்தால் 1978ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம். இல்லாவிட்டால் 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம். இரண்டிலும் விண்ணப்பம் போவது உள்ளூராட்சி சபைக்குத்தான், மாநகர எல்லைக்கு வெளியே என்றால் பிரதேச சபைக்கு. ஆனால் படிவமும் கேட்கிற இணைப்புகளும் வேறுபடும். சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் வரி மதிப்பீட்டு இலக்கத்தையும் நில அளவைப் படத்தையும் காட்டிக் கேட்டால் அங்கேயே சொல்லிவிடுவார்.

கடற்கரைப் பக்கக் காணி என்றால் இன்னொரு கோடு உண்டு. சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் எந்தக் கட்டுமானத்துக்கும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். காங்கேசன்துறையிலும் கடனீரேரிக் கரையிலும் காணி பார்ப்பவர்கள் குத்தகை எழுதமுன்னரே இந்தத் தூரத்தை நில அளவையாளரைக் கொண்டு படத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வலிகாமம் வடக்கில் படையினரிடமிருந்து விடுபட்ட காணி என்றால் கண்ணிவெடி அகற்றியதற்கான சான்றும் கோப்பில் இருக்கட்டும். அத்திவாரம் வெட்ட ஆள் விடும்போது அது கட்டாயம் தேவைப்படும்.

அடுத்தது பூர்வாங்கத் திட்டமிடல் அனுமதி. உறுதி அல்லது குத்தகை ஒப்பந்தம், நில அளவைப் படம், வீதிக்கோட்டுச் சான்றிதழ், ஆதன வரி கட்டிய பற்றுச்சீட்டு, மாதிரி வரைபடம் ஆகியவற்றோடு கொடுப்பது. பயன்பாடு என்ற கட்டத்தில் 'களஞ்சியம்' என்று சுருக்கமாக எழுதிக் கொடுக்கும் படவரைஞர்கள் இருக்கிறார்கள். அப்படி எழுதினால் அனுமதி கெதியாக வரும், ஆனால் அது எரிபொருளுக்குச் செல்லாது. 'டீசல் சேமிப்புத் தாங்கி, நிலத்துக்கு மேல், 20,000 லீற்றர் இரண்டு, சொந்தப் பாவனை' என்று அளவோடு எழுதுங்கள். கோப்பு சுற்றாடல் அதிகார சபைக்கும் தீயணைப்புப் பிரிவுக்கும் போவது அந்த வரியைப் பார்த்துத்தான். அங்கே கேட்கப்படும் மாற்றங்களை இந்தக் கட்டத்தில் கடதாசியில் செய்துவிடலாம். தகடு வெட்டி ஒட்டிய பிறகு வந்தால் தாங்கியையே நகர்த்த வேண்டிவரும். ஆகவே இந்தக் கடிதம் கையில் வரும்வரை தாங்கிக்கு முற்பணம் கொடுக்கவே கூடாது.

இனித் தூரம். முழு வேலையிலும் காணியின் அளவைத் தீர்மானிப்பது இதுதான். பொறியியலாளர்கள் பெரும்பாலும், தீப்பற்றும் திரவங்களுக்கான என்எஃப்பிஏ 30 என்ற அமெரிக்க நியமத்தை வைத்துப் படம் கீறுவார்கள். அதன்படி 20,000 லீற்றர் தாங்கி ஒன்றின் ஓட்டிலிருந்து (வெளித்தகட்டிலிருந்து), அடுத்தவர் கட்டடம் எழுப்பக்கூடிய எல்லை வரை, அடிப்படைத் தூரம் 15 அடி, அதாவது 4.5 மீற்றர். இந்த எண்ணை மட்டும் பார்த்துத்தான் பலர் படம் முடிக்கிறார்கள். ஆனால் அந்த எண், பக்கத்துக் கட்டடங்களைத் தண்ணீர் பீய்ச்சிக் குளிர்விக்கக்கூடிய தீயணைப்புச் சேவை கிடைக்கும் இடத்துக்கு உரியது. கிடைக்காத இடத்தில் அது இரண்டு மடங்கு, 9 மீற்றர். தீயணைப்பு வண்டி வரவேண்டிய யாழ். நகரத்திலிருந்து, தொழில் வலயம் இருக்கும் அச்சுவேலி 15 கிலோமீற்றருக்குக் கிட்ட. காணியில் சொந்தத் தண்ணீர்த் தொட்டி, பம்பி, பயிற்சி பெற்ற ஆட்கள் இல்லாமல் 4.5 மீற்றர் என்று வாதாடுவதில் பயனில்லை. நாங்கள் 9 என்றே வைத்துக் கீறினோம். பொது வீதி அமைந்த பக்கத்தில் வீதியின் ஓரத்துக்கு 5 அடி, இரட்டித்தால் 3 மீற்றர் போதும். ஆனால் வீதிக்கு அந்தப் பக்கத்துக் காணியின் எல்லைக்கும் 9 மீற்றர் வரவேண்டும்.

2.2 மீற்றர் விட்டம், 5.3 மீற்றர் நீளம் உள்ள படுக்கைத் தாங்கி 20,000 லீற்றர் கொள்ளும். இரண்டு தாங்கிக்கும் இடையே நியமம் கேட்பது 0.9 மீற்றர். ஆள் போய்வர 1 மீற்றர் விடுங்கள். மூன்று பக்கமும் அயலவர் காணி, பின்னால் சொந்தக் கட்டடம் எழும்பாது என்று எடுத்தால், அகலம் 9 + 2.2 + 1 + 2.2 + 9, மொத்தம் 23.4 மீற்றர். நீளப் பக்கமும் ஏறக்குறைய அதேதான். தாங்கிக்கும் அதைச் சுற்றிய வெறுமைக்கும் மட்டுமே இரண்டு பரப்புக்கு (ஒரு பரப்பு ஏறக்குறைய 253 சதுர மீற்றர்) சற்று மேல் போய்விடும். எண்ணெய் ஏற்றிவரும் பவுசர் உள்ளே வந்து, பின்னால் எடுக்காமல் வட்டமடித்து முன்பக்கமாகவே வெளியேற இடம் விட்டால் நான்கு பரப்பு. இரண்டு பரப்புக் காணியை எடுத்துவிட்டு அதற்குள் தொழிற்சாலையையும் தாங்கியையும் சேர்த்து அடக்கப் பார்க்கிறவர்களுக்கு வழி ஒன்றுதான், தாங்கியைச் சிறிதாக்குவது. 2,800 லீற்றருக்குள் வந்தால் அடிப்படைத் தூரம் 10 அடியாகக் குறையும்.

ஒழுகும் எண்ணெய் வெளியே போகாமல் தாங்கியைச் சுற்றி எழுப்பும் பண்ட் சுவரின் கணக்குக்கு வருவோம். பெரிய தாங்கி முழுவதும் ஒழுகினாலும் உள்ளே நிற்க வேண்டும் என்பது குறைந்தபட்சம். 110 வீதம் வைப்பது வழமை, ஆகவே 22 கன மீற்றர். தாங்கி ஓட்டுக்கும் சுவரின் அடிக்கும் இடையே 1.5 மீற்றர் விட்டால் உள்ளளவு 8.4 க்கு 8.3, பரப்பளவு 70 சதுர மீற்றர். கார்த்திகை மாரியில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் பெய்வது இங்கே புதுமை அல்ல. அது 7 கன மீற்றர். தாங்கி அமரும் நான்கு கொங்கிறீற் இருக்கைகள் பிடிக்கிற இடம் 1.5 கன மீற்றர். கூட்டினால் 30.5, 70 ஆல் பிரித்தால் 44 சென்ரிமீற்றர். நாங்கள் 60 வைத்தோம். தாங்கியின் அடியையும் 60 இலேயே நிறுத்தினால் தாங்கியின் வயிறு பண்டின் கொள்ளளவைத் தின்னாது. வரைபடத்தின் ஓரத்தில் இந்தக் கூட்டலை அப்படியே எழுதி வையுங்கள். பரிசோதிக்க வருபவர் கணக்கைத் தேடி அலையாமல் அதையே சரிபார்ப்பார்.

சீமெந்துக் கல் அடுக்கிப் பூசிய சுவர் டீசலைத் தாங்காது. முதல் மாரியிலேயே மூலைகளில் மயிர்வெடிப்பு வரும். தளமும் சுவரும் ஒன்றாக வார்த்த கம்பிக் கொங்கிறீற்றாக இருக்கட்டும், சேருமிடத்தில் நீர்த்தடுப்புப் பட்டி போடுங்கள். குழாயைச் சுவரின் ஊடாகக் கொண்டுபோகவே வேண்டாம், மேலால் ஏற்றி இறக்குங்கள். சுவரைத் துளைத்துக் குழாய் விட்ட இடம்தான் எப்போதும் முதலில் ஒழுகும். தளம் நூற்றுக்கு ஒன்று என்ற சரிவில் ஒரு குழிக்கு இறங்கட்டும். அந்தக் குழியின் வடிகால் வால்வு சுவருக்கு வெளியே, பூட்டோடு, எப்போதும் மூடியபடி. மழைத்தண்ணீர் தேங்குகிறதே என்று காவலாளி அதைத் திறந்துவிட்டுப் போனால் பண்ட் இருந்தும் இல்லாததற்குச் சமம். திறந்தவர், நேரம், தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் இருந்ததா என்ற மூன்றும் ஒரு கொப்பியில் பதிவாக வேண்டும்.

இவ்வளவு கேட்பதற்கு நியாயம் இந்த மண்ணிலேயே இருக்கிறது. வலிகாமத்தில் மெல்லிய செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல். தண்ணீர் கரைத்த வெடிப்புகளும் பொந்துகளும் அதற்குள் நிறைய. நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கிற வில்லையாக நிற்கிறது, குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அதே தண்ணீர். மணல்மண்ணில் மெதுவாக ஊறுகிற எண்ணெய் இங்கே வெடிப்பு வழியே நேரே கிணற்றுக்குப் போகும், எந்தக் கிணற்றுக்கு என்று முன்கூட்டியே சொல்லவும் முடியாது. சுன்னாகத்தில் அனல் மின்நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு கட்ட உத்தரவிட்டது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்துக்குப் பரிசோதிக்க வருகிறவர் அதை மனதில் வைத்துத்தான் வருகிறார். அயல் கிணறுகளை எல்லாம் தூரத்தோடு படத்தில் குறியுங்கள். முதல் லீற்றர் டீசல் இறங்கமுன்னர் கிட்டிய கிணறுகளின் தண்ணீரை எண்ணெய், கிறீஸ் அளவுக்குப் பரிசோதித்து அறிக்கையை வைத்திருங்கள். நாளைக்கு ஒரு கிணற்றில் வாசம் வந்தால் அது உங்களுடையதா, பழையதா என்று காட்ட வேறு ஆதாரம் இராது. அயலவருக்கும் அதுதான் பாதுகாப்பு.

பவுசர் நிற்கும் தளத்துக்கும் கொங்கிறீற், சுற்றிவரக் கான், அந்தக் கான் மூன்று அறை எண்ணெய் பிரிக்கும் தொட்டிக்கு. உள்நாட்டு மேற்பரப்பு நீருக்கு விடும் கழிவுநீரில் எண்ணெய், கிறீஸ் லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. ஆனால் வலிகாமத்தில் விட ஆறு ஏது? ஊறல் குழிக்கு விடுவதாகப் படத்தில் காட்டினால் திருப்பி அனுப்புவார்கள், அது சரியும்கூட. பிரிந்த எண்ணெயையும் வண்டலையும் அபாயக் கழிவு ஏற்க உரிமம் பெற்றவரிடம் கொடுப்பதாக எழுதி, அவருடைய உடன்பாட்டுக் கடிதத்தை இணையுங்கள்.

தாங்கி வேலையில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். 6 மில்லிமீற்றர் மென்னுருக்குத் தகடு. ஒட்டு முடிந்ததும் 3 முதல் 5 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில், ஒவ்வொரு ஒட்டிலும் சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பார்த்து, அழுத்தமானி தெரியப் படம் எடுங்கள். நிறம் அடித்த பிறகு இந்தச் சோதனைக்குப் பெறுமதி இல்லை. டீசல் ஓடும் குழாய்க்குக் கல்வனைஸ் வேண்டாம். அதில் பூசிய நாகம் (துத்தநாகம்) டீசலோடு சேர்ந்து சவர்க்காரம்போல் படிந்து வடிகட்டியை அடைக்கும். வார்ப்பிரும்பு வால்வும் வேண்டாம், சூட்டில் வெடிக்கும். உருக்கு வால்வு போடுங்கள். சாதாரணக் காற்றுக்குழாய் ஒன்று, நெருப்பில் சூடேறும்போது ஆவியை வெளியேற்ற அவசரத் திறப்பு ஒன்று, இரண்டும் வேண்டும். மேலே சொன்ன தூரக் கணக்கே அந்த அவசரத் திறப்பு இருக்கிறது என்ற நிபந்தனையில்தான் நிற்கிறது.

நிலத்தொடுப்பு இங்கே தனித் தலையிடி. இரண்டு அடியில் கல் வந்துவிடும், செப்புக் கோலை அடித்து இறக்க முடியாது. மின்னல் காப்புக்கு 10 ஓம்முக்குள் வரவேண்டும். கல்லைத் துளைத்து பென்ரனைற் களி நிரப்பி, செப்புப் பட்டியால் பல புள்ளிகளை இணைத்தால் வரும். அளப்பதை ஆவணி வெயிலில் செய்யுங்கள். மாரியில் எந்த நிலமும் நல்ல எண்தான் காட்டும்.

தீயணைப்புக்கு 9 கிலோ உலர்தூள் கருவிகள், சில்லுவைத்த 50 லீற்றர் நுரைக் கருவி, மணல் வாளிகள், தாங்கியிலிருந்து தள்ளி ஒரு அவசர நிறுத்தப் பொத்தான். கருவிகளைத் தாங்கியோடு ஒட்டி மாட்டாதீர்கள். தீ எரிகிற இடத்துக்குள் போய்த்தான் எடுக்க வேண்டிவரும்.

கட்டி முடித்ததும் அங்கீகரித்த படத்துக்கும் நிலத்தில் நிற்பதற்கும் வித்தியாசம் இல்லை என்று ஒப்பேற்றுச் சான்றிதழ் எடுக்க வேண்டும். அரை மீற்றர் தள்ளி நின்றாலும் திருத்திய படம் கொடுக்கச் சொல்வார்கள். அதனால் இருக்கைகள் வார்க்கும் அன்று நில அளவையாளரை நிறுத்துவது கட்டாயம். பிறகு சுற்றாடல் பாதுகாப்பு உரிமம், சபையின் வியாபார உரிமம், எண்ணெய் வழங்குநரிடம் நுகர்வோர் பதிவு.

முதல் பவுசருக்குக் கட்டளை கொடுக்கமுன்னர் ஒரு கணக்கு. இங்கே பவுசர் 6,600 லீற்றரின் மடங்குகளில் வரும்: 6,600, 13,200, 19,800. 20,000 லீற்றர் தாங்கியை 95 வீதத்துக்கு மேல் நிரப்பக்கூடாது, அது 19,000. ஆகவே 13,200 எடுக்க வேண்டுமானால் தாங்கியில் 5,800 க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். 19,800 ஐ ஒரே தாங்கிக்கு ஒருபோதும் எடுக்க முடியாது. இந்த எண்களை அளவுகோல் அட்டவணையோடு சேர்த்துத் தாங்கியடியில் எழுதி ஒட்டுங்கள். சாரதி குழாய் பூட்டமுன்னர் நிலத்தொடுப்புக் கம்பியைப் பூட்டி, கோல் போட்டு அளந்து, எழுதிக் கையெழுத்து வாங்குவது எங்கள் ஆளின் வேலை, பவுசர்க்காரருடையது அல்ல.

வியாபார உரிமம் டிசம்பர் 31 உடன் முடியும். சுற்றாடல் உரிமத்தின் திகதி வேறு, அது அந்தக் கடதாசியிலேயே இருக்கும். புதுப்பிக்கக் கொடுக்கும்போது வடிகால் கொப்பி, கழிவெண்ணெய் கொடுத்த பற்றுச்சீட்டுகள், நிலத்தொடுப்பு அளவீடு, அந்த ஆண்டின் கிணற்று நீர் அறிக்கை ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். பரிசோதிக்க வருபவர் முதலில் கேட்பது வடிகால் கொப்பியைத்தான்.