ஒளி கூடியது, ஆனால் வடிவம் மாறியதா?

டிஎன்ஏ போன்ற நியூக்ளிக் அமிலங்களின் வடிவ மாற்றத்தை உடனொளிர்வின் (ஒளியை உறிஞ்சி, உடனே வேறு அலைநீளத்தில் உமிழ்தல்) வழியே ஆராயப் புதிதாக வருபவர்களுக்கு, என் முதல் ஆண்டு ஆய்வில் நேர்ந்த இரண்டு தவறுகளைச் சொல்ல விரும்புகிறேன்.

நான் முதலில் எடுத்துக்கொண்டது 2-அமினோபியூரின். அடினினைப் போலவே தைமினோடு இணை சேரும் காரம் (டிஎன்ஏ இழையின் எழுத்து போன்ற அலகு) இது என்பதால், இழையில் ஓரிடத்தில் அடினினுக்குப் பதிலாக இதை அமர்த்தினால் இரட்டைச் சுருள் பெரிதாகக் குலைவதில்லை. நீரில் தனித்திருக்கும்போது நன்றாக ஒளிரும் இக்காரம், இழைக்குள் அண்டைக் காரங்களோடு அடுக்கி அமர்ந்தவுடன் வெகுவாக மங்கிவிடும். அவ்விடத்தில் சுருள் பிரிந்தாலோ, காரம் வெளியே புரண்டாலோ மீண்டும் ஒளிரும். எந்த இடத்தில் மாற்றம் நிகழ்கிறது என்பதையே காட்டித் தருவதால், இன்றும் இதன்மேல் எனக்குத் தனிப் பற்று உண்டு.

310 நானோமீட்டர் ஒளியால் கிளர்த்தியபோது, 370-ஐ ஒட்டி வர வேண்டிய உமிழ்வுக்குப் பக்கத்தில், 347-இல் ஒரு கூர்மையான முகடு தெரிந்தது. அதை ஒரு புதிய வடிவத்தின் அடையாளம் என்றே குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். டிஎன்ஏ இல்லாத வெறும் தாங்கல் கரைசலை (பிஎச் எளிதில் மாறாமல் காக்கும் கரைசல்) அளந்து பார்க்கும்படி மூத்த ஆய்வாளர் ஒருவர் சொன்னார். அதிலும் அதே முகடு இருந்தது. அது நீரின் ராமன் சிதறல், அதாவது நீர் மூலக்கூறுகள் கிளர்வு ஒளியின் ஆற்றலில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு மீதியைச் சிதறடிப்பது. கிளர்வு ஒளியை 315-க்கு மாற்றியபோது அந்த முகடும் 353-ஐ நோக்கி நகர்ந்தது. உண்மையான உமிழ்வு அப்படி நகர்வதில்லை. வெற்றுக் கரைசலின் நிறமாலையை ஒவ்வொரு நாளும் முதலில் பதிவு செய்துவிடுங்கள். சூடாக்கிச் சுருள் பிரிவதை அளக்கும் உருகல் ஆய்வென்றால், இழையில் சேராத 2-அமினோபியூரினையும் அதே வெப்பநிலைகளில் அளந்துகொள்ளுங்கள். சூடேறும்போது உடனொளிர்வு தானாகவே குறையும்.

அடுத்தது நான்கிழைக் குவானின் அமைப்பு, அதாவது குவானின் என்னும் காரம் மிகுந்த இழை மடிந்து உருவாகும் அமைப்பு. டெலோமியர் (குரோமோசோமின் முனைப் பகுதி) இழையின் ஒரு முனையில் ஃப்ளூரசீன் என்னும் சாயத்தையும் மறுமுனையில் ரோடமின் வகைச் சாயத்தையும் பொருத்தினால், இழை மடியும்போது முனைகள் நெருங்கி, ஆற்றல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். இந்தத் தாவல் தொலைவின் ஆறாம் அடுக்கைச் சார்ந்திருப்பதால், ஏறத்தாழ 5 நானோமீட்டரை ஒட்டிய சிறு நகர்வும் தெளிவாகத் தெரியும். ஆனால் ஃப்ளூரசீனின் ஒளி குறைந்ததை மட்டும் வைத்து மடிந்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. பிஎச் 7-க்குக் கீழே இறங்கினாலும் அது மங்கும், பக்கத்தில் குவானின் இருந்தாலும் மங்கும். மறுமுனைச் சாயத்தின் ஒளி கூடவே உயர்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

என் ஆய்வில் இரண்டு சாயங்களும் சரியாகவே நடந்துகொண்டன. ஆயினும் பொட்டாசியம் சேர்ப்பதற்கு முன்பே இழை மடிந்திருந்தது. பல நாள் தேடிய பிறகுதான், தாங்கல் கரைசலின் பிஎச்-ஐ நானே பொட்டாசியம் ஹைட்ராக்சைடால் சரிசெய்திருந்தது நினைவுக்கு வந்தது. குவானின் அடுக்குகளுக்கு இடையே அமர்ந்து அந்த அமைப்பை இறுகப் பிடித்துவைப்பதே பொட்டாசியம் அயனிதான். லித்தியம் அயனிக்கு அந்தத் திறன் மிகக் குறைவு என்பதால், லித்தியம் ஹைட்ராக்சைடு கொண்டு கரைசலைப் புதிதாகத் தயாரித்து, 95 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடாக்கி ஆறவிட்டு, மறுபடி தொடக்கத்திலிருந்தே அளந்தேன்.