கோவிஷீல்டு, கருவாடு, காம்பிங்-கார்: 2021இல் பிரான்ஸுக்குக் கிளம்பிய கதை

எங்கள் தெருவில் பிரான்ஸில் சொந்தம் இல்லாத வீடு குறைவு. என் மாமனார் சொல்தா. பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்துவிட்டு, பென்ஷனோடு புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வந்து குடியேறியவர். அதனால் எங்கள் வீட்டில் இரண்டு தேசம். மனைவி, பையன், அத்தை (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்) மூவருக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட். எனக்கு மட்டும் அசோகச் சின்னம் போட்டது.

2020இல் அத்தையின் அக்கா துலூஸில் காலமானார். யாராலும் போக முடியவில்லை. வாட்ஸாப்பில் பார்த்து அழுததோடு சரி. மறுவருஷம் இரண்டாம் அலை கொஞ்சம் அடங்கியதும், "ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வந்துடணும் மாப்ளே" என்று அத்தை ஆரம்பித்தார். மற்ற காலமாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். பாரிஸுக்குப் பக்கத்தில் சார்செல்லில் மச்சான் வீடு, லியோனுக்குப் பக்கத்தில் பெரிய மாமனார் மகன், துலூஸில் அக்கா பிள்ளைகள். எந்த வீட்டு ஹாலிலும் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளலாம். ஆனால் எழுபது தாண்டிய அத்தையைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்த் தங்குவதை அந்த வருஷம் எங்களாலும் நினைக்க முடியவில்லை, அவர்களாலும் வாய்விட்டுக் கூப்பிட முடியவில்லை. ஓட்டலுக்கும் அத்தை ஒப்பவில்லை.

மச்சான்தான் சொன்னார்: "காம்பிங்-கார் எடுத்துடுங்க. வீடு மாதிரி வசதி வெச்ச வேன், வாடகைக்குக் கிடைக்கும். பகல்ல மாஸ்க் போட்டுக்கிட்டு பார்க்குல உக்காந்து பேசலாம். ராத்திரி உங்க படுக்கை, உங்க அடுப்பு, உங்க கக்கூஸ்." கடைசி வார்த்தையில் அத்தை விழுந்துவிட்டார்.

நாங்கள் என்னமோ வண்டி எடுப்பதுதான் பெரிய வேலை என்று நினைத்திருந்தோம். வண்டிக்கு மச்சான் ஒரே வாரத்தில் ஏற்பாடு செய்துவிட்டார். எங்கள் பயணத் தேதியை முடிவு செய்தது, தடுப்பூசிக்குப் பதியும் அரசு இணையதளமான கோவின். மே மாதத்தில் கோவிஷீல்டு இரண்டு ஊசிகளுக்கு நடுவே 12 முதல் 16 வாரம் இருக்க வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். 84 நாள் முடியாமல் கோவினில் இரண்டாம் ஊசிக்கு இடம் பிடிக்க முடியாமல் இருந்தது. வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போகிறவர்கள் ஆகியோருக்கு மட்டும் 28 நாளில் போட்டார்கள். பாட்டியைச் சொந்தங்களிடம் கூட்டிக்கொண்டு போவது அந்தப் பட்டியலில் இல்லை. ஆக ஆகஸ்டில் இரண்டாம் ஊசி, அதற்குமேல் குறைந்தது ஒரு வாரம், பிறகுதான் விமானம்.

அந்தப் பக்கம் இன்னொரு கெடு. பிரான்ஸில் உணவகம், தொலைதூர ரயில், நீச்சல்குளம் வைத்த காம்பிங் தலங்கள் (வண்டியை நிறுத்தித் தங்கும் இடங்கள்) எல்லாவற்றுக்கும் 'பாஸ் சானித்தேர்' என்னும் தடுப்பூசி அல்லது பரிசோதனைச் சான்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். 12 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும் செப்டம்பர் 30 வரை விலக்கு. எங்கள் பையனுக்குப் பதின்மூன்று. அந்த வயதுக்கு அப்போது இங்கே ஊசியே கிடையாது. செப்டம்பர் தாண்டினால் அவனுக்கு அடிக்கடி மூக்கில் குச்சி விடவேண்டும். எட்டாம் வகுப்பு, ஆன்லைன் பாடம்தான் என்பதால் செப்டம்பரில் கூட்டிப்போக முடிந்தது. அந்த ஒரு மாதச் சந்துக்குள் பயணத்தை நுழைத்தோம். இந்தியாவிலிருந்து வழக்கமான வெளிநாட்டு விமானங்கள் நிறுத்தப்பட்டிருந்த காலம் அது. இரண்டு நாடுகள் தங்களுக்குள் பேசி விட்ட 'பபுள்' ஒப்பந்த விமானங்களில்தான் இடம் தேட வேண்டும்.

சகலையும் வருவதாக இருந்தது. வண்டி ஓட்டுவதில் எனக்கு மாற்றாள். அவர் போட்டிருந்தது கோவாக்சின். ஜூலை 18 முதல் பிரான்ஸ் கோவிஷீல்டை ஏற்றுக்கொண்டது, கோவாக்சினை ஏற்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் கோவாக்சினுக்கு அனுமதி தந்ததே அந்த வருஷம் நவம்பர் 3ஆம் தேதிதான். முகாமில் அன்றைக்கு எந்தக் குப்பி இருந்ததோ அதைப் போட்டுக்கொண்ட மனுஷனுக்கு இப்படி ஒரு தண்டனை. அவர் நின்றதும் திட்டம் பாதியாகச் சுருங்கியது. ஒரே ஆள் ஓட்டினால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று கணக்குப் போட்டு, திட்டத்தில் இருந்த ஸ்பெயினை நீக்கினோம். கோவிஷீல்டு ஐரோப்பிய மருந்து முகமையின் பட்டியலில் இல்லை, அதனால் ஒவ்வொரு நாடும் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்துகொண்டிருந்தது. அதுவும் ஒரு காரணம். படுக்கை, அடுப்பு எல்லாம் வண்டியில் இருப்பதால் ஓட்டல் விதிகளிலிருந்து தப்பலாம், எல்லை விதிகளிலிருந்து தப்ப முடியாது. காம்பிங்-காரில் போனால் எங்கும் போகலாம் என்று அந்த வருஷம் சொன்னவர்கள் எல்லையைத் தாண்டிப் பார்க்காதவர்கள்.

பெயர் விவகாரத்துக்கு வருகிறேன். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்குச் சொல்லாமலே புரியும். ஆதாரில் எனக்கு இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகக் குடும்பப் பெயராக இருக்கிறது. கோவின் சான்றிதழ் ஆதாரைப் பார்த்து எடுத்தது. விமான நிலையத்தில் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு இது இரண்டு ஆள். ஜூன் கடைசியிலிருந்து கோவினில் பாஸ்போர்ட் எண்ணைச் சேர்க்கலாம், பெயரையும் திருத்தலாம் என்று வந்தது. பெயரை ஒரு தடவைதான் திருத்த விடுவார்கள் என்பதால், பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, மனைவி எழுத்து எழுத்தாகப் படிக்க நான் தட்டினேன்.

மனைவிக்கு வேறு சிக்கல். பிரெஞ்சு பாஸ்போர்ட்டில் அவளுடைய அப்பா குடும்பத்துப் பெயர். ஆதாரில் என் பெயரின் முதலெழுத்து. இரண்டையும் சேர்த்து வைக்கும் ஒரே தாள் எங்கள் 'லிவ்ரே த ஃபமி', அதாவது பிரெஞ்சு அரசு தரும் குடும்பப் பதிவுப் புத்தகம். கல்யாணமான புதிதில் கான்சுலேட்டில் திருமணத்தைப் பதிந்து அந்தச் சின்னப் புத்தகத்தை வாங்கி வைக்கும்படி மாமனார் விடாமல் நச்சரித்தார். இருபது வருஷம் பீரோவில் தூங்கிய அந்தப் புத்தகம் இந்தப் பயணத்தில் எல்லா இடத்திலும் முதலில் மேசைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடிமகளின் கணவன் என்பதால் எனக்கு விசாக் கட்டணமும் கிடையாது. வெளிநாட்டில் ஊசி போட்ட பிரெஞ்சுக் குடிமக்களும் அவர்கள் துணையும் தங்கள் சான்றிதழைப் பிரான்ஸின் கியூஆர் குறியாக மாற்றிக்கொள்ள ஒரு இணைய விண்ணப்பம் இருந்தது. அதற்கும் இதே புத்தகம்தான். அந்தக் குறி கைக்கு வராமல் கிளம்பவே கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். கோவின் குறியை அங்கே கஃபேக்காரரின் போன் படிக்காது.

அடுத்தது லைசென்ஸ். போக்குவரத்துத் துறையில் 4ஏ படிவம், ஆயிரம் ரூபாய், பாஸ்போர்ட், விசா, டிக்கெட் நகல். சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஒரு வருஷத்துக்குத் தருவார்கள். நம் ஊர் எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸில் 7,500 கிலோ வரை ஓட்டலாம். இந்த அனுமதிப் புத்தகத்தில் 'பி' பிரிவு 3,500 கிலோவோடு முடிகிறது. வண்டி, ஆள், தண்ணீர், பெட்டி எல்லாம் சேர்த்து அந்த எடைக்குள் இருக்க வேண்டும். வாடகைக்கு விடுகிறவர்களில் சிலர் வெளிநாட்டு லைசென்ஸ் என்றதுமே கையை விரித்தார்கள். ஒப்புக்கொண்டவரும் லைசென்ஸ் எடுத்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று கேட்டு, இரு பக்கமும் படம் வாங்கி, தன் காப்பீட்டுக்காரரிடம் காட்டிய பிறகுதான் சரி என்றார். முன்பணப் பிணையைக் கிரெடிட் கார்டில்தான் பிடிப்பேன் என்றதால் மச்சான் தன் கார்டைக் கொடுத்தார்.

வலப்பக்கம் ஓட்டிப் பழக இங்கே வழியில்லை. பருமனுக்குப் பழகலாமே என்று, டிராவல்ஸ் வைத்திருக்கும் நண்பரின் டெம்போ டிராவலரைக் கேட்டு வாங்கினேன். அந்த ஊர் காம்பிங்-கார்களில் பெரும்பாலானவை ஃபியட் டுகாட்டோ வேன் மேல் கட்டியவை, நீளமும் ஏறக்குறைய அவ்வளவுதான். காலையில் கூட்டம் வருவதற்கு முன்னால் வெள்ளைக்காரத் தெருப் பக்கம் சந்து சந்தாகத் திருப்பி, பின்னால் எடுத்துப் பழகினேன். உயரத்தை மட்டும் பழக முடியாது. அந்த வண்டி மூன்று மீட்டருக்குக் கிட்ட வரும். அங்கே கடைகளின் வண்டி நிறுத்தங்களில் இரண்டு மீட்டரில் இரும்புக் கம்பி போட்டிருப்பார்கள். சுங்கச்சாவடியிலும் மூன்று மீட்டருக்குள் இருந்தால் இரண்டாம் வகுப்புக் கட்டணம், மீறினால் மூன்றாம் வகுப்பு. உயரத்தை எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்ட ஒரு ஸ்டிக்கர் இங்கேயே அடித்துக்கொண்டு போனோம்.

இனி அத்தையின் விஷயம். வண்டியில் நல்ல தண்ணீர் சுமார் நூறு லிட்டர். கக்கூஸ் என்பது கீழே ஒரு பெட்டி, இருபது லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கொள்ளும், நிறைந்ததும் அதற்கான இடத்தில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். காகிதம் பயன்படுத்தும் ஊர்க்காரர்களுக்கு அது தாங்கும். நம் பழக்கத்துக்கு நான்கு பேர் ஒரு செம்பு, இரண்டு செம்பு என்று ஊற்றினால் மறுநாளே நிறைந்துவிடும். இதை மாமியாரிடம் எந்த மருமகன் எப்படிப் பேசுவது? மனைவி பேசினாள். ஒரு சின்ன பாட்டில், மூடியில் துளை போட்டது. அதற்கு அத்தை ஒரு வாரம் வீட்டிலேயே ஒத்திகை பார்த்தார். குளியலும் அப்படித்தான்: அரை வாளித் தண்ணீரில் முடிக்க வேண்டும், தலைக்கு என்றால் காம்பிங் தலத்தின் குளியலறை. "ராணுவத்துல உங்க தாத்தா இப்படித்தான் குளிச்சாராம்" என்று அத்தை சொன்ன பிறகு பையன் மறுபேச்சுப் பேசவில்லை. கொரோனாவுக்காக நொடிக்கொரு தரம் கை கழுவினால் தொட்டி காலியாகும் என்பதால் சானிடைசர் லிட்டர் கணக்கில் எழுதிக்கொண்டோம்.

மின்சாரம். காம்பிங் தலங்களில் சில இடத்தில் 6 ஆம்பியர்தான் தருவார்கள். 230 வோல்ட்டில் அது 1,380 வாட். அத்தை எடுத்து வைத்திருந்த இண்டக்ஷன் அடுப்பு 2,000 வாட். போட்ட மறு நொடி ஃபியூஸ் போகும். அதை இறக்கிவிட்டுச் சின்ன குக்கர் ஒன்றை ஏற்றினோம்.

சாப்பாட்டுச் சாமான்தான் பெரிய பஞ்சாயத்து. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர் பால் பொருள், இறைச்சி கொண்டுபோக முடியாது. அதனால் நெய் கிடையாது. கறிவேப்பிலைக்குத் தாவரச் சுகாதாரச் சான்று வேண்டும், அதுவும் கிடையாது. தேங்காய்க்கு அந்தச் சான்று தேவையில்லை. கருவாடு? மீன் வகை ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி! அத்தைக்கு முகம் மலர்ந்தது, எனக்கு வயிறு கலங்கியது. வாடகை ஒப்பந்தத்தில் துப்புரவுக் கட்டணம் என்று தனியாக எழுதியிருந்தது. மூடிய வண்டிக்குள் நெத்திலிக் கருவாடு வறுத்தால் அந்தக் கட்டணம் எவ்வளவு ஏறும் என்று அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் கருவாடு சார்செல் வரை போகும், மச்சான் வீட்டோடு நிற்கும் என்று சமரசம் ஆனது. வண்டிக்குப் பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், வத்தல். அரிசி அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். எடையும் மிச்சம்.

விமானத்துக்குச் சென்னைக்குத்தான் போக வேண்டும். கோட்டக்குப்பம் தாண்டினாலே அது தமிழ்நாடு. கோடையில் அந்த எல்லையைக் கடக்கவே இ-பதிவு கேட்டுக்கொண்டிருந்தார்கள். செப்டம்பரில் அந்தத் தொல்லை இல்லை. ஊசி போடாத பையனுக்கு, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் இருக்கட்டும் என்று கிளம்பும் முன் ஆர்டி-பிசிஆர் எடுத்துவைத்தோம்.

பலர் போவதற்கு மட்டும் தயாராகிறார்கள். திரும்புவதற்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருந்தது. இந்தியாவுக்கு ஏறுவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் அப்போது தேவைப்பட்டது, அதை ஏர் சுவிதா என்ற அரசு இணையதளத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. மனைவி, அத்தை, பையன் மூவரின் ஓசிஐ அட்டையும் (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) கையில் இருக்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து வருவதால் சென்னையில் இறங்கியதும் நம் செலவில் இன்னொரு பரிசோதனையும் இருந்தது. ஊர் ஊராக நகர்ந்துகொண்டிருக்கும் வண்டியில் இருந்துகொண்டு லேப் தேடவோ முடிவுக்குக் காத்திருக்கவோ முடியாது. அதனால் கடைசி நாட்களுக்கு வண்டியை சார்செல் பக்கம் கொண்டுவந்து நிறுத்துவது என்று முதலிலேயே எழுதி வைத்தோம். பிரான்ஸில் வசிக்காத வெளிநாட்டுக்காரர்களுக்கு அப்போது பிசிஆர் 49 யூரோ. ஒரு லேபில் நேரம் பிடித்துக் கொடுத்த மச்சான், முடிவு வந்ததும் எல்லாவற்றையும் இரண்டு இரண்டு நகல் அச்செடுத்தார். போன் சார்ஜ் இறங்கினால் தாள் பேசும் என்பது அவர் வாதம். சென்னையில் தாளைத்தான் கேட்டார்கள்.