நம்பர் என்னுடையது, வண்டி எவனுடையதோ

பெங்களூரில் அல்சூர் வீடு, டொம்லூர் ஆபீஸ். என் ஸ்கூட்டர் போகிற தூரமே அவ்வளவுதான். ஆனால் ஹெல்மெட் போடவில்லை என்று மூன்று சலான், தலா 500 ரூபாய், மூன்றும் ஹெப்பால் பக்கம். படத்தைத் திறந்தால் கறுப்பு வண்டி, யாரோ ஒரு பையன். என் வண்டி சாம்பல் நிறம். நம்பர் மட்டும் என்னுடையது.

பணம் பெரிதில்லை. அவன் நாளைக்கு எங்காவது செயின் அறுத்தால் கேமரா என் பேரைத்தானே கொடுக்கும்? ராத்திரி தெருவில் பைக் நின்றாலே எழுந்து உட்கார்ந்தேன்.

ஸ்டேஷனில் ஏட்டு படத்தைப் பார்க்கவே இல்லை. அது 2025 ஆகஸ்ட் கடைசி, அபராதத்தில் பாதித் தள்ளுபடி நடந்த சமயம். "750 கட்டிட்டுப் போங்க சார், எதுக்கு அலையறீங்க?" வாசலில் நின்று கட்டப் போனேன். மாடி வீட்டு அண்ணன்தான் போனில் கத்தினார்: "கட்டினா நீதான்னு ஒத்துக்கிட்ட மாதிரிடா!" கட்டவில்லை. நீங்களும் கட்டாதீர்கள்.

அடுத்த தடவை எஸ்.ஐ. இல்லை, அரை நாள் லீவு வீண். அப்புறம்தான் எங்கள் அபார்ட்மெண்ட் கேமரா ஞாபகம் வந்தது. 15 நாளுக்கு மேல் பதிவு தங்காது என்றார் வாட்ச்மேன். முதல் இரண்டு தேதியும் அழிந்துவிட்டன. மூன்றாவது சலான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 12 நாள்தான் ஆகியிருந்தது. காலை 11.40க்கு என் வண்டி தூண் ஓரம் நிற்கிறது, முன்சக்கரத்தடியில் பூனை தூங்குகிறது. அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. சலான் வந்த அன்றே பதிவை எடுத்து வையுங்கள்.

எஸ்.ஐ. இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நிறம், வலது பக்க ஒடுக்கு, போதும். மூன்று சலானும் ரத்தாக ஒன்பது நாள்.

ரத்தானதோடு விட்டுவிடாதீர்கள். போலி நம்பர் பிளேட் என்று எழுதிக் கொடுத்து, சீல் போட்ட நகல் வாங்குங்கள். அதற்கு ஏட்டு முனகினார். அரை மணி நேரம் நின்று வாங்கினேன். வேறு ஊர் போலீஸ் தேடி வந்தால் காட்ட அந்தத் தேதிதான் கையில் இருக்கும். 2019 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி என்றால், ஹாலோகிராமும் லேசர் எண்ணும் உள்ள உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டை உடனே மாட்டுங்கள். எஸ்.ஐ. கேட்ட முதல் கேள்வியே அதுதான். நான் தள்ளிப்போட்டிருந்தேன்.

கறுப்பு வண்டி இன்னும் பிடிபடவில்லை. நகல் ஒன்று டிக்கியில், ஒன்று பீரோவில். புது சலான் வந்திருக்கிறதா என்று திங்கட்கிழமைதோறும் நம்பரைப் போட்டுப் பார்க்கிறேன்.