மறுகால் போகும் வழி

மதுரை மாவட்டத்தில், திருமங்கலத்துக்குத் தென்மேற்கே, பேரையூர் பக்கம் கிராமச் சாலைப் பணியில் பல வருடம் ஓவர்சியராக இருந்தேன். அங்கே பெரும்பாலும் கரிசல் மண். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசியில் ஊறி உப்பும். மேலே எவ்வளவு நல்ல தார் போட்டாலும் அடிமண் அசைந்தால் சாலை நிற்காது.

பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் 2000-ல் வந்தது. சமவெளியில் 500 பேருக்குக் குறையாமல் இருக்கும் ஊருக்கெல்லாம் மழையிலும் போகக்கூடிய ஒரு சாலை என்பது இலக்கு. போட்ட ஒப்பந்ததாரரே 5 வருடம் பராமரிக்க வேண்டும் என்ற விதி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் ஆட்களை எண்ணிய அளவுக்கு நாங்கள் தண்ணீரைக் கவனிக்கவில்லை.

ஒரு சாலைக்குச் சித்திரையில் அளவு எடுத்தோம். ஓடை காய்ந்து கிடந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து, "கண்மாய் நெறஞ்சா மறுகால் தண்ணி இந்த வழியாத்தான் போகும் தம்பி. இங்கன ஒரு குழாய் வைங்க" என்றார். பக்கத்துக் கருவேலமரத்தைக் கம்பால் காட்டினார். இடுப்பு உயரக் கிளையில் காய்ந்த வைக்கோலும் சருகும் சுற்றிக் கிடந்தன, போன மழையில் வெள்ளம் விட்டுப்போனது. பார்த்தேன். எஸ்டிமேட்டில் சிறுபாலம் 200 மீட்டர் தள்ளி இருந்தது. அதை மாற்றினால் மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டும், வேலை அடுத்த வருடத்துக்குப் போய்விடும் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஐப்பசியிலேயே கண்மாய் நிறைந்தது. நாங்கள் உயர்த்திப் போட்ட சாலை கரை மாதிரி தண்ணீரைத் தேக்கியது. மேற்கே மக்காச்சோளம் மூழ்க, மூன்றாம் நாள் பெரியவர் காட்டிய இடத்திலேயே சாலை அறுத்துக்கொண்டது. பஸ் நின்றுபோனது. விடியற்காலையில் பறித்த மல்லிகை மொட்டைத் தலையில் சுமந்து பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் கடந்தார்கள். மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் மொட்டு விரிந்தால் விலை போய்விடும். அவர்களை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அப்புறம் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் நீர்பாய்ச்சியைத்தான் தேடுவேன். மடை திறந்து தண்ணீர் பங்கிடும் அவருக்கு ஒவ்வொரு சரிவும் தெரியும். அவரோடு சாலை நெடுக நடந்து, அவர் நிற்கச் சொன்ன இடத்தில் முளைக்குச்சி அடிப்போம். அதற்கு ஒரு காலைப்பொழுது போதும். எஸ்டிமேட் போடுவதற்கு முன்னால் இந்த நடையைக் கட்டாயமாக்க வேண்டும். முடிந்தால் கார்த்திகையில், ஓடையில் தண்ணீர் ஓடும்போதே.

உடைந்த இடத்தில் இப்போது இரண்டு வரிசைக் குழாய் இருக்கிறது. பெரியவரிடம் காட்டலாமென்று போனேன். அவர் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.