மழையும் மூன்று கோப்பைத் தேநீரும்

கிளிநொச்சியில் காலையில் இருந்து விடாத மழை. தங்கச்சி நுவரெலியாவால் வரும்போது கொண்டுவந்த கிறீன் ரீ பெட்டி கண்ணில் பட்டது. போன கிழமை கொதிதண்ணியை அப்படியே ஊற்றி ஐந்து நிமிடம் விட்டுவிட்டேன், ஒரே கசப்பு, தொண்டை வரைக்கும் நின்றது. இன்று கேத்திலை இறக்கி, ஆறவிட்டு, 80 பாகை அளவில் ஊற்றி 2 நிமிடத்தில் வடித்தேன். என்ன வித்தியாசம்! இளமஞ்சள் நிறம், ஈரப்புல் மணம், விழுங்கின பிறகு நாக்கடியில் மெல்லிய இனிப்பு. நாங்கள் நாள் முழுக்கக் குடிக்கிற பிளேன் ரீயும் இதே செடியின் இலைதான். பறித்ததும் சூடுகாட்டி நிறம் மாறாமல் நிறுத்தினால் பச்சை, வாடவிட்டு உருட்டிக் காற்றுப்பட வைத்தால் கறுப்பு.

பிறகு ஆவரசம்பூத் தேநீர். நிறம் அழகு, சுவை எனக்குச் சப்பென்று இருந்தது, தேசிக்காய் பிழிந்த பிறகுதான் சரி வந்தது.

ஆனால் மனம் நிறைந்தது மல்லித்தண்ணியில்தான். அம்மா மல்லியை வெறும் சட்டியில் வறுப்பா, ஒன்றிரண்டு வெடித்து வாசம் முற்றத்துக்கு வந்ததும் இறக்கி, வேர்க்கொம்பும் நாலு மிளகும் சேர்த்துத் தட்டிக் கொதிக்க வைப்பா. இதில் தேயிலையே இல்லை, அதனால் இரவு படுக்கப் போகும்போதும் குடிக்கலாம். சீனி வேண்டாம், பனங்கட்டித் துண்டொன்றைக் கடித்துக்கொண்டு குடியுங்கள். உறைப்பு தொண்டையில் இறங்கும்போது இனிப்பும் கூடவே போகும். இப்போது இரண்டாவது கோப்பை கையில், மழை இன்னும் விடவில்லை.

உங்கள் வீட்டில் மல்லியோடு வேறு என்ன போடுவீர்கள்?