சுவரில் இருந்த கணக்கு

எங்கள் கணக்குச் செயலியில் புதிதாகச் சேர்த்த சரக்கு இருப்புப் பதிவை யாரும் சீந்தவில்லை. ஒருமுறை திறந்து பார்த்தவர்களையெல்லாம் பயன்படுத்துகிறவர்கள் என்று எண்ணி மகிழ்ந்திருந்தேன். அறிவிப்புகளாக அனுப்பித் தள்ளினேன். பலனில்லை. ஏன் என்று நேரில் பார்க்கக் காரைக்குடிக்கு பஸ் ஏறினேன்.

பக்கத்து ஆத்தங்குடியில், தரையில் பதிக்கும் கல் வார்க்கும் ஒரு பட்டறை. கண்ணாடித் தட்டின்மேல் அச்சை வைத்து, சிவப்பும் மஞ்சளுமாகச் சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பை அகப்பையால் ஊற்றுகிறார்கள். அதன்மேல் மணலும் சிமெண்டும். பிறகு சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறி, வெயிலில் உலர்ந்தால்தான் அது விற்கிற கல். எங்கள் திரையோ வார்த்த அன்றே "எத்தனை முடிந்தது?" என்று கேட்கிறது!

"தொட்டியிலிருந்து எடுக்கும்போது உடைவதை எங்கே எழுதுவது, தம்பி?" என்றார் கணக்குப்பிள்ளை. அவருடைய கணக்கு சுவரில், சுண்ணக்கட்டியால். கையெல்லாம் சிமெண்டு, கைபேசி மாடத்தில் கிடந்தது. (பயிற்சிக் காணொளிக்குச் செலவழித்த காசில் ஊருக்கே சீப்புச் சீடை வாங்கியிருக்கலாம்.)

கேள்வியைத் தொட்டிக்குப் பிந்தைய கட்டத்துக்கு நகர்த்தினோம். உடைசலுக்குத் தனி இடம் கொடுத்தோம். இப்போது மாலையில் கை கழுவியபின் சுவரைப் பார்த்து அவரே பதிகிறார். சுவரில் எழுதுவதை நிறுத்தவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை.